எட்டு இலக்கம்

மருதமுனையில் றேடியோ திருத்தும் பக்கீர் காக்காவைப் பற்றி ஊரில் இரண்டு கதை உண்டு. ஒன்று, அவர் படை முகாமின் ஆள். மற்றது, அவர் ஒரு பாவம். இரண்டையும் சொல்பவர்கள் ஒரே ஆட்கள்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நான் அவர் கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். கண்டதையும் அவர் வாயால் கேட்டதையும் சொல்கிறேன். பிறகு உங்களுக்குப் பிடித்த கதையை வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் அவர் அரசாங்க அனுமதி எடுத்து, கூரைக்கு மேல் கம்பி கட்டி, தானே செய்த றேடியோ செட்டில் உலகம் முழுக்கக் கதைத்தவர். அனுமதித்த எல்லையை விட்டு அலை விலகக்கூடாது என்பது சட்டம். அதை அளக்க ஒரு பிரிக்குவன்சி கவுண்டர் வேண்டும். எண்பத்தெட்டில் அதை வாங்கக் கொழும்பு புறக்கோட்டைக்குப் போனார். கடையில் ஒரே விலையில் இரண்டு இருந்தன. ஒன்றில் ஆறு இலக்கம்தான் தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் படிகக் கல் பிசகாதபடி அதை ஒரே சூட்டில் வைக்கச் சின்ன அடுப்பு ஒன்று உண்டு. மற்றதில் அடுப்பு இல்லை. எட்டு இலக்கம் சிவப்பாக எரியும். கடைக்காரர் அடுப்பு உள்ளதை எடுக்கச் சொன்னார். காக்கா எட்டு இலக்கத்தை எடுத்தார். இலக்கம் கூடினால் உண்மையும் கூடும் என்று நினைத்துவிட்டார். படித்தவனுக்கு வரும் மடமை படிக்காதவனுக்கு வராது.

அந்தக் கருவி செய்வது எண்ணும் வேலை. ஒரு செக்கனில் அலை எத்தனை தரம் துடிக்கிறது என்று எண்ணும். ஒரு செக்கன் எவ்வளவு என்பதை அந்தக் கல் சொல்ல வேண்டும். கல் பிந்தினால் செக்கன் நீளும், எண் கூடிவிடும். வீட்டு மணிக்கூடு பிந்தினால் நோன்பு திறப்பது பிந்துகிற மாதிரிதான். ஆகவே மாதம் ஒருமுறை, டில்லியிலிருந்து வரும் நேர ஒலிபரப்பைப் பிடித்து, அதோடு கல்லை ஒத்துப்பார்த்துத் திருகைச் சரிசெய்வார்.

தொண்ணூறில் படைக்கும் புலிகளுக்கும் சண்டை வந்தது. பேசும் செட்டுகள் எல்லாவற்றையும் முகாமில் ஒப்படைக்கச் சொன்னார்கள். கவுண்டர் பேசாது, எண்ண மட்டுமே செய்யும் என்பதால் அதைத் திருப்பிக் கொடுத்து, அவர் பெயரைப் பதிந்துகொண்டார்கள். அன்று பிடித்தது சனியன். கடலில் ஒரு செட் பிடிபட்டால் முகாமிலிருந்து ஜீப் வரும். காக்கா கவுண்டரோடு ஏறுவார். அந்தச் செட் பேசும் அலையின் எண்ணை அளந்து, கடதாசியில் எழுதி ஒப்பமிடுவார். யாருடைய செட், பிறகு என்ன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வரமாட்டேன் என்றால் முகாம் விடாது. போய் வந்தால் மற்றப் பக்கம் விடாது. கொழும்புக்குப் போய்விடலாம் என்றால், பதிந்த ஆள் ஊரை விட்டுப் போக அனுமதி வேண்டும். அதையும் முகாம்தான் தரவேண்டும். இருதலைக்கொள்ளி எறும்பு என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், அந்த எறும்போடு பக்கத்துக் கடையில் ஆறு வருடம் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

தொண்ணூற்றாறு வைகாசியில் பெரியநீலாவணைப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். பெயர் கேதீஸ்வரி. அவளுடைய அப்பா வேலப்போடியை மூன்று நாளுக்கு முன் கடலில் செட்டோடு பிடித்திருந்தார்கள்.

"ஐயா, நீங்க எழுதிக் குடுத்த நம்பர் புலிகள்ட நம்பர் எண்டு தடைப் பட்டியல்ல இரிக்காம். நாளைக்கு அப்பாவ எங்கயோ கொண்டு போகப் போறாங்களாம். போனா வரமாட்டார் ஐயா."

"நான் மிசின் காட்டினத்தத்தானே புள்ள எழுதின."

"இத ஒருக்காப் பாருங்க."

மீனவர் சங்கத்தில் செட் வாங்கியபோது சங்கம் கொடுத்த கடிதம் அது. செட்டின் எண் 151.600 என்று அச்சில் இருந்தது. அந்தச் செட்டில் எண்ணை மாற்ற முடியாது; கம்பனி போட்ட கல்லுக்கு ஒரே எண்தான். காக்கா எழுதிக் கொடுத்ததோ 151.612. நான் பார்த்தேன், கையிலிருந்த ஈயம் ஒட்டும் கோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

ஆறு வருடமாக அவர் திருகைத் தொடவில்லை. டில்லி நிலையத்தின் 'டிக் டிக்' ஓசை வெளியே கேட்டால் சங்கேதம் என்று நினைத்துப் படையினர் வேலி பாய்ந்து வந்துவிடுவார்கள் என்ற பயம். எட்டு இலக்கம் எரிகிறதே, அது பொய் சொல்லுமா என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

அன்று பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வீட்டுக் கதவைச் சாத்தினார். அவர் மனைவி ஜுனைதா தறி நெய்பவர்.

"தறிய அடி, நிப்பாட்டாத. சத்தம் வெளிய போகக்கூடா."

"அல்லாஹ்வே, புடிச்சா ரெண்டு பேரையும்தானே கொண்டு போவானுகள்," என்று சொல்லிக்கொண்டே ஜுனைதா தறியில் உட்கார்ந்து அடித்தார். அந்த ஓசைக்கு அடியில் டில்லி டிக் டிக்கென்றது. கவுண்டரைப் பக்கத்தில் வைத்ததும் றேடியோவில் ஒரு விசில் எழுந்தது. இரண்டும் ஒத்திருந்தால் விசில் இருக்காது. இது கூரான விசில். திருகு உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்தது. மெல்லத் திருப்பத் திருப்ப விசில் தடித்து, முனகலாகி, அடங்கியது. கல் பிந்தியிருந்த அளவைக் கணக்குப் போட்டார். பன்னிரண்டு வந்தது. வேலப்போடியின் தலைக்கு மேல் நின்ற அதே பன்னிரண்டு.

மறுநாள் விடிந்ததும் ஜீப்புக்குக் காத்திராமல் தானே முகாமுக்குப் போனார். சிங்களம் தெரிந்த ஊர்காவல்படை மஜீட் மொழிபெயர்த்தான்.

"பக்கீர் காக்கா, பொறுப்பானவர் கேக்கார், ஆருக்குப் பயந்து இப்ப மாத்திச் சொல்றீங்க எண்டு."

"ஒருத்தருக்கும் இல்ல. என்ட மிசின் பிழை. அவர்ட செட்ல பேசுற பொத்தான அமத்தச் சொல்லுங்க, காட்டுறன்."

பொறுப்பதிகாரி தன் செட்டின் பொத்தானை அமத்தினார். அதன் எண் அவருக்கு மனப்பாடம். கவுண்டர் சரியாகக் காட்டியது. காக்கா திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். பன்னிரண்டு கூடியது. மறுபடி சரியாக்கினார், எண் இறங்கியது. அதிகாரி நான்கு தரம் அமத்திப் பார்த்தார். பிறகு வேலப்போடியைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த மனிதன் வெளியே வந்தபோது நடக்கக் கஷ்டப்பட்டான். காக்காவின் கையைப் பிடித்து, "நல்லா இரிங்க தம்பி," என்றான். காக்கா அழுதுவிட்டார். ஆறு வருடத்தில் முதல்தரம் தான் மனிதனாக நின்றதாக என்னிடம் சொன்னார்.

அதோடு எழும்பி வந்திருக்கலாம். ஆனால் அதிகாரி கணக்கில் கெட்டிக்காரர். அலுமாரியைத் திறந்து ஒரு கோப்பை மேசையில் போட்டார்.

"அப்ப இதுகள்?" என்று மஜீட் தமிழில் சொன்னான்.

பதினொரு கடதாசி. எல்லாவற்றிலும் காக்காவின் அழகான கையெழுத்து. தை மாதக் கடதாசியில் 151.612. அதே சங்கத்துச் செட். மேலே வேறொருவரின் எழுத்தில் பெயர்: முபாறக், சாய்ந்தமருது.

"இந்த ஆள் எங்க?" என்று காக்கா கேட்டார்.

மஜீட் அதை மொழிபெயர்க்கவில்லை. என்ன கேட்டார் என்று அதிகாரியும் விசாரிக்கவில்லை. கோப்பை மூடிவிட்டு, கவுண்டர் நன்றாக இருக்கிறது, இனி மாதம் ஒருமுறை இங்கேயே வந்து சரிபார்க்கலாம் என்றார்.

காக்கா வீட்டுக்குப் போகவில்லை. என் கடைக்கு வந்து, விஷயத்தைச் சொல்லி, சாய்ந்தமருதுக்குச் சைக்கிள் கேட்டார். அந்த முகத்தோடு தனியே விட மனம் வராமல் நானும் போனேன். வேண்டாம் காக்கா, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வழி முழுக்கச் சொன்னேன். அவர் காது கொடுக்கவில்லை.

முபாறக்கின் மனைவி ஸாலிஹா வாசலுக்கு வந்தாள். தெரியாத இரண்டு ஆண்கள் வந்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததே, அதை நான் மறக்க மாட்டேன்.

"அவரப் பத்திச் செய்தி கொண்டு வந்தீங்களா காக்கா? இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்."

"வேணா தங்கச்சி. உங்கட மாப்பிள்ளைட செட்டப் பாத்து நம்பர் எழுதினது நான். மிசின் பிழை. அவர்ட செட் சரியான செட்."

தேத்தண்ணிக்கு உள்ளே திரும்பியவள் நின்றாள்.

"மிசின் பிழை எண்டா, ஒப்பம் ஆருட?"

"என்ட."

ஸாலிஹா ஏசவில்லை, அழவில்லை. உள்ளே போய் மூன்று பிள்ளைகளையும் கூட்டி வந்து வரிசையாக நிறுத்தினாள்.

"இவரச் சரியாப் பாத்து வெச்சுக்கங்க," என்றாள். "வாப்பாவ எழுதிக் குடுத்த ஆள் இவர்தான்."

பக்கீர் காக்கா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பார்த்து முடியும்வரை அந்த வாசலிலேயே நின்றார்.