அத்தை ஏறினால் உதறல்

லாண்டரி அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே கணவர் போன பிறகுதான். அவர் இருந்தவரை அந்தக் காரின் ஸ்டீயரிங்கைத் துடைத்ததோடு சரி. அவர் போனதும் வீட்டில் மிஞ்சியது அவள், மாமியார், வாசலில் நின்ற பிஸ்கட் நிறப் பழைய கார். இதில் எது முதலில் மக்கர் பண்ணும் என்று சொந்தக்காரர்கள் பந்தயம் கட்டாத குறை. அக்கா மக்கர் பண்ணவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள், கிளட்சோடு மல்லுக்கட்டினாள், ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்தாள், லைசென்ஸ் வாங்கினாள்.

ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கைத் துணி வந்து குவியும் பெரிய லாண்டரி அது. அங்கே மெஷின்களையும் ஆட்களையும் மேய்ப்பது அவள் வேலை. அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் அவள் காரிலேயே வந்து இறங்குவாள். ஓட்டுவது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வெளியில் சொன்னால் புருஷன் போன சந்தோஷம் என்று யாராவது திரித்துவிடுவார்கள் என்பதால் சொல்லிக்கொள்ளவில்லை.

வாரக் கடைசியில் மாமியாரைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன மாமியார் வீட்டுக்குப் போவாள். மாமியாருக்கு வெளியே கிளம்புவதென்றால் அப்படி ஓர் ஆசை. விடிந்ததுமே சேலை மாற்றிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராகிவிடுவார். மகன் ஓட்டினால் முன்சீட், மருமகள் ஓட்டினால் பின்சீட். அது அவராகவே வைத்துக்கொண்ட கணக்கு. ஆள் நல்ல கனம். பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்காராமல் நட்டநடுவில்தான் உட்காருவார்.

அந்தப் பயணங்களில்தான் உதறல் ஆரம்பித்தது. பாலம் தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து கிளம்பி முதுகெலும்பு வரை ஏறும். வேகத்தைக் குறைத்தால் அடங்கும். மறுநாள் லாண்டரிக்குத் தனியாகப் போகும்போது அதே சாலை, அதே வேகம், உதறல் மட்டும் இருக்காது.

அவள் போல்ட்டிடம் போனாள். போல்ட்டு என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். வாயில் எப்போதும் ஒரு போல்ட்டைக் கவ்விக்கொண்டுதான் பேசுவான்.

"வண்டி உதறுது போல்ட்டு."

"எப்பக்கா?"

"வேகம் எடுத்தா. அதுவும் அத்தை ஏறினாத்தான்."

வாயிலிருந்த போல்ட்டு கீழே விழுந்தது. "மாமியார் ஏறினா எந்த மருமகளுக்குத்தான் உதறல் எடுக்காது?"

வினையே அந்தச் சொல்லில்தான். வண்டி ஆடினாலும் உதறல், ஆள் பயந்தாலும் உதறல். இவள் ஒன்றைச் சொல்ல, ஊர் மற்றதைப் பிடித்துக்கொண்டது. போல்ட்டு சிரித்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. சக்கரங்களைக் கழற்றி சமன் பார்த்தான், இஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினான், தனியாக ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தான். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

மாமியாரைக் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் அவர், கேள்வி முடியும் முன்பே. "நான் பாட்டுக்கு வேடிக்கை பாத்துட்டு வரேன். உனக்குத்தான் கை கால் உதறுதோ என்னவோ."

செய்தி பக்கத்து ஊரில் இருந்த கொழுந்தன் காதுக்குப் போனது. நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். லீவு போட்டுவிட்டு வந்தார், அம்மாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் போய் வந்தார்.

"வெண்ணெய் மாதிரி ஓடுது அண்ணி. உங்களுக்குப் பயம், அவ்வளவுதான். அண்ணன் போனதுக்கப்புறம் யாருக்கும் வரும். எதுக்கு வம்பு? வர்ற ஞாயித்துக்கிழமை வண்டியை நான் எடுத்துட்டுப் போயிடறேன். நீங்க பஸ்ல போய்க்கோங்க. அம்மாவை முடிஞ்சப்ப நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அக்காவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கார் போனால் பஸ்ஸில் ஏறலாம். பயந்தாங்கொள்ளி என்ற பட்டத்தோடு எங்கே ஏறுவது? அதைவிட மோசம், அவர் சொல்வது நிஜமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்ததுதான். மாமியார் ஏறினால் வருகிறது, இறங்கினால் போகிறது. இதற்குப் பெயர் வேறென்ன? அந்த வாரம் லாண்டரிக்குத் தனியாகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே லாண்டரியில் ஒரு மெஷின் துணி பிழியும்போது ஆடி ஆடித் தரையில் நடக்க ஆரம்பித்தது. சர்வீஸ்காரர் வந்தார், காலி மெஷினை ஓட்டினார், சமர்த்தாகச் சுற்றியது. "ஒண்ணும் இல்லையே" என்று டூல்ஸ் பெட்டியை மூடினார்.

"காலியா ஓட்டினா எப்படி சார் தெரியும்? கனத்தைப் போட்டுப் பாருங்க!" என்று அக்கா ஒரு பிடி பிடித்தாள். பிடித்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். சர்வீஸ்காரர் பாவம், தன்னைத்தான் இன்னும் முறைக்கிறாள் என்று நினைத்து அவசரமாக மறுபடி பெட்டியைத் திறந்தார்.

சாயங்காலம் ஈரப் போர்வை மூட்டைகளைக் காரின் பின்சீட்டில் ஏற்றினாள். மாமியார் கனம் இருக்குமா என்று கண்ணாலேயே பார்த்து, இன்னொரு மூட்டையை நடுவில் திணித்தாள். பாலம் தாண்டி ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வந்ததே உதறல்! ஆளே இல்லாத காருக்குள் அவள் ஓவென்று கத்தினாள். மூட்டையைப் பார்த்துப் பயப்படுகிற மருமகள் உலகத்தில் உண்டா?

அப்படியே போல்ட்டிடம் போனாள். அவன் வண்டிக்கு அடியில் படுத்து நெடுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் கிண்டல் இல்லை.

"இஞ்சின்லேருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நீளமான ஷாஃப்ட் போகுதுக்கா. அதோட ஜாயிண்ட் தேஞ்சிருக்கு. பின்னாடி ஸ்பிரிங்கும் தளர்ந்துபோச்சு. கனம் ஏறினா பின்பக்கம் உக்காந்துடுது, ஷாஃப்ட் கோணம் மாறி ஆடுது. நான் ஒத்தையா ஓட்டிப் பாத்தேன், உங்க கொழுந்தன் அம்மாவை முன்னாடி வெச்சு ஓட்டினாரு. எங்க ரெண்டு பேருக்கும் எப்படித் தெரியும்? தப்பு என்னுதுதான். புது ஜாயிண்ட் ஞாயித்துக்கிழமை வந்துடும், மாத்திடறேன்."

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "மூட்டை கதை சரி அண்ணி. ஆனா அம்மா பின்னாடிதானே உக்காந்து வந்தாங்க? ஒண்ணுமே தெரியலைங்கறாங்களே. அவங்க எதுக்குப் பொய் சொல்லணும்?"

அக்கா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நானே ஓட்டறேன். அம்மா பின்னாடி உக்காரட்டும்" என்றார் கொழுந்தன்.

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோக வந்திருந்த போல்ட்டு முன்னால் ஏறிக்கொண்டான். மாமியார் வழக்கம்போல் நடுவில் உட்கார்ந்துவிட்டதால் அக்கா கதவோடு ஒட்டிக்கொண்டாள். பாலம் தாண்டியது. வேகம் ஏறியது. அடியிலிருந்து கிளம்பிய உதறலில் முன்கண்ணாடி வரை கடகடத்தது.

"அடேயப்பா!" என்றார் கொழுந்தன். "ஆமா அண்ணி."

அக்கா ஜெயித்த சந்தோஷத்தில் மாமியார் பக்கம் திரும்பினாள். மாமியார் கைப்பையைக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு முழங்கால்களையும் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி" என்று போல்ட்டைக் கூப்பிட்டார். "இப்ப உதறுதே, இது வண்டியா?"

"வண்டிதான் பெரியம்மா."

"உங்க எல்லாருக்கும் உதறுதா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப என் கால் இல்லையா?"

கொழுந்தன் வண்டியை ஓரங்கட்டினார். மாமியார் காலிலிருந்து கையை எடுக்கவில்லை. "உங்கப்பாவுக்கு இப்படித்தான் முதல்ல கால் உதறுச்சு. அப்புறம் மாடி ரூம்ல படுத்தவர் எழுந்திருக்கவே இல்ல. எனக்கும் வந்துடுச்சுன்னு நினைச்சேன். வெளிய தெரிஞ்சா என்னையும் அதே ரூம்ல படுக்க வெச்சுடுவீங்க. அதான் ஒண்ணும் தெரியலைன்னேன்."

அக்காவுக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. இரண்டில் எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியவில்லை. கோபம் முந்திக்கொண்டது.

"உங்க பயத்தை என் தலையில கட்டிட்டீங்களே அத்தை."

"வெளிய போறதை நிறுத்திடுவாங்களேன்னு பயம்டி."

"என்னை மட்டும் நிறுத்தலாமா?"

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோனது. மாமியார் மகனின் தோளைத் தட்டினார்.

"நான் சொன்னது பொய்டா. நீ இறங்கு. அவ ஓட்டட்டும்."

கொழுந்தன் மறுபேச்சில்லாமல் இறங்கிப் பின்னால் வந்தார். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது, நேராக ஷெட்டுக்கே விடுங்கள் என்றான் போல்ட்டு. அக்கா முன்னால் போய் உட்கார்ந்தாள். கொழுந்தன் தன் நீளமான கால்களுக்காகப் பின்னுக்குத் தள்ளியிருந்த சீட்டைத் தன் அளவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டாள்.