இருவாச்சிக்காகத் தள்ளிவைத்த வெடி

போடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் வண்டிகளில் இப்போதெல்லாம் வெளியூர் வண்டிகளே மிகுதி. வளைவுக்கு வளைவு நிறுத்திப் பள்ளத்தாக்கைப் படம் எடுக்கிறார்கள். பனி இறங்கினால் குழந்தைகளைப் போலக் கூவுகிறார்கள். அருவிக்கு எந்த வழி, யானை எந்தப் பக்கம் வரும் என்று சாயாக்கடையில் விசாரிக்கிறார்கள். இந்த ஆண்டு மாசி கடைசி வெள்ளிக்கிழமை நானும் என் மனைவியும் அதே சாலையில் ஏறினோம். எதையும் பார்ப்பதற்காக அல்ல. அம்மனுக்கு அவள் நேர்ந்துகொண்ட நூற்றியொரு வெடியைப் போட்டுவிட்டு வருவதற்காக.

வெடி வழிபாடு கேரள எல்லையோரக் கோயில்களின் வழக்கம். கதினா எனப்படும் குட்டையான இரும்புக் குழல்களில் மருந்தை இடித்து நிரப்பி, தரையில் வரிசையாக நிறுத்துவார்கள். நேர்ந்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லித் தீ வைப்பார்கள். மலை ஒருமுறை அதிர்ந்து அடங்கும். என் மனைவி பிறந்து வளர்ந்த ஏலத்தோட்டத்துக் கோயிலில் இதற்கு ஒரு காரணமும் சொல்வார்கள். அந்த அம்மன் எந்நேரமும் கருவறையில் வீற்றிருப்பவள் அல்லள். காட்டுக்குள் உலாவப் போய்விடுவாள். வெடிச் சத்தம் கேட்டால்தான், தன் மக்களில் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று அறிந்து திரும்புவாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் என் நெஞ்சைப் பிளந்து தைத்தபோது, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று அவள் இதை நேர்ந்திருக்கிறாள். வீடு திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரியும். பதிகங்களிலும் பாசுரங்களிலும் தோய்ந்தே எழுபதைக் கடந்தவன் நான். பூவும் நீரும் கசிந்த ஒரு சொல்லும் போதும் என்று உருகியவர்களின் வழியில் நிற்பதாக எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, மருந்து இடித்துத் தெய்வத்தை அழைப்பது ஒப்பவில்லை. சென்ற ஆண்டு அந்தப் பிழையைச் செய்தேன். நூற்றியொரு வெடிக்கு ஈடாக நூற்றியொரு பாடல் பாடிவிடுகிறேன் என்று அவளை இணங்கவைத்தேன். அதே கோயிலில், தூணில் சாய்ந்துகொண்டு, ஒரு முற்பகல் முழுவதும் பாடினேன். நன்றாகவே பாடினேன் என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுவாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன்.

அவள் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சோறு பிசைந்து ஊட்டினாள். அன்றிலிருந்து, பகலில் நான் கண்ணயர்ந்தால் அருகில் வந்து என் மூக்கின் முன் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். நான் உறங்குவதாகவே கிடப்பேன். அவள் கொடுத்த வாக்கை நான் மாற்றிவிட்டதால், எனக்குக் கிடைத்த ஆயுள் திரும்பப் பெறப்படும் என்று அவள் அஞ்சினாள். அந்த அச்சத்தை உண்டாக்கியவன் நான். ஆகவே இந்த முறை, ஒரு வெடியும் குறையக்கூடாது என்ற முடிவோடு ஜீப்பில் ஏறினேன்.

ஓட்டியவன் அவளுடைய தம்பி மகன். நாள்தோறும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்கிறவன்.

“என்ன மாமா, இந்தத் தடவ பாட்டுப் பொஸ்தகம் எடுத்தாரலயா?”

“ரோட்டப் பாத்து ஓட்டு அப்பு,” என்றாள் என் மனைவி. “போன வருசம் பாடுனதுக்குக் கெடச்ச பலனே போதும்.”

“அத்தே, மாமா பாடுனதக் கேட்டுத்தான் ஆத்தா காட்டுக்குள்ள இன்னும் உள்ள போயிட்டாளாம்ல.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மலையுச்சிக்குச் சற்று முன்பு, சரிவில் ஒரு காட்டுமாடு நின்று எங்களைப் பார்த்தது. எண்ணெய் தேய்த்ததுபோல் கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. எங்களுக்கு முன்னால் நின்றிருந்த வண்டியிலிருந்து பத்துக் கைகள் செல்போனோடு நீண்டன. அவள் மட்டும் கும்பிட்டுக்கொண்டாள்.

கோயில் சிறியது. தகரக் கூரை, சாணம் மெழுகிய முன்றில். மூன்று பக்கமும் ஏலச்செடி, செடிகளுக்கு நிழல் தரும் பழைய காட்டு மரங்கள். வெடி போடுகிறவர் தோட்டத்து வாட்சரும் ஆவார். ஐம்பது வயதிருக்கும். அங்கேயே பிறந்தவர், அவளைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர். கதினாக்களை எடுத்து வைப்பார் என்று நாங்கள் காத்திருக்க, அவர் வெறுங்கையோடு வந்து நின்றார்.

“அக்கா, தேதி கேட்டிருந்தா வரவேண்டாம்னு சொல்லியிருப்பேன். இப்ப வெடி இல்ல.”

“மருந்து தீந்துபோச்சா?”

“மருந்து இருக்கு. அங்க பாருங்க.” கோயிலின் பின்புறம் முப்பது அடி தள்ளி நின்ற மரத்தைக் காட்டினார். “இருவாச்சி. நம்ம ஆளுக மலமுழக்கின்னு சொல்லுவோம் கேட்டோ. தை மாசத்துல பொட்டை அந்தப் பொந்துக்குள்ள போச்சு. வாசலப் பூசி அடச்சுக்கிச்சு. ரெண்டு வெரல் அகலத்துக்குச் சந்து, அவ்வளவுதான். உள்ள எறகெல்லாம் உதுத்துட்டு முட்டையோட கெடக்கு. ஆம்பளதான் கொண்டாந்து ஊட்டணும்.”

“ஊட்டட்டும். நான் அதத் தடுக்கலயே.”

“நாலஞ்சு வருசம் முன்ன இதே மாதிரி ஒரு ஜோடி. வெடிய நிறுத்தணும்னு எங்களுக்குத் தோணல. பயந்து போன ஆம்பள திரும்பி வரல. நாங்க ஏணி வச்சு ஏறிப் பாத்தப்போ…” அவர் நிறுத்திக்கொண்டார். “அதுலயிருந்து, பொட்டை உள்ள இருக்கிற மாசம் நான் திரியப் பத்தவைக்கிறதில்ல சாரே. வாரவங்கல்லாம் ஏசிட்டுத்தான் போறாங்க.”

என் மனைவியின் முகம் வெளிறியது. அது எனக்காக வெளிறிய முகம் என்பதை நான் அறிவேன். பறவையைப் பற்றி அப்போது நான் ஒரு கணமும் எண்ணவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுவதும் உயிர்களிடத்து அன்பைப் பாடிவந்தவன், அவள் அச்சம் நீங்கினால் போதும் என்று நின்றேன்.

“நூற்றியொன்று வேண்டாம். ஒன்றே ஒன்று போடுங்கள். பெயருக்கு,” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “நேந்தது நூத்தியொண்ணு. ஆத்தாகிட்டப் போயி வெல பேசுறீங்களா?”

“அப்படியானால் நூற்றியொன்றையும் போடச் சொல்கிறேன். உன் மனம் ஆறினால் சரி.”

“நீங்க சும்மா இருங்க.”

அவள் மரத்தைப் பார்த்தபடி முன்றில் ஓரத்துக் கல்லில் அமர்ந்தாள். நான் அருகில் அமர்ந்தேன். தம்பி மகன், “இன்னொரு சவாரி இருக்கு, வெரசா முடிவு பண்ணுங்க அத்தே,” என்று சொல்லிப் பார்த்துவிட்டு ஜீப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். வாட்சர் கோயில் வாசலைக் கூட்டத் தொடங்கினார்.

அரைமணி நேரம் கழிந்திருக்கும். முதலில் ஒலிதான் வந்தது. லோடு ஏற்றிய வண்டி மேட்டில் மூச்சு வாங்குவதுபோல் ஓர் ஓசை, மரங்களின் தலைக்கு மேல் நெருங்கியது. பிறகு அந்தப் பறவை. கறுப்பும் வெள்ளையுமான அகன்ற சிறகு, மஞ்சளில் தோய்த்தெடுத்ததுபோல் பெரிய வளைந்த அலகு, அதன்மேல் கவிழ்த்த தொன்னை போன்ற ஒரு கொண்டை. நான் ஓதிய பாடல்களில் கிளி வரும், குயில் வரும், நாரை வரும். தலைவனிடம் தூது போகச் சொல்லி அவற்றை இரப்பார்கள். இந்தப் பறவையை நான் எந்தப் பாட்டிலும் சந்தித்த நினைவில்லை. அது எவரிடமும் தூது போகும் பறவையாகவும் தோன்றவில்லை. அதற்கு வீட்டிலேயே வேலை இருந்தது.

எங்களைப் பார்த்ததும் கிளையில் அசையாமல் நின்றது. தலையை ஒருக்களித்து எங்களை அளந்தது. என் மனைவி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். பின் அது அடிமரத்தைப் பற்றிச் சாய்ந்து, தொண்டையிலிருந்து ஒரு காட்டு அத்திப்பழத்தை அலகின் நுனிக்குக் கொண்டுவந்து சந்தில் நீட்டியது. உள்ளிருந்து மற்றோர் அலகின் நுனி மட்டும் தெரிந்தது. பழம் மறைந்தது. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. கீழே விழுந்துவிடுமோ என்பதுபோல் அத்தனை கவனம். ஒன்று தவறி விழவும் செய்தது. விழுந்த இடத்தைச் சற்று நேரம் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்ததை எடுத்தது.

அவள் உதடுகள் அசைந்தன. மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இருவத்தி மூணு,” என்றாள், அது பறந்துபோன பிறகு. பின், “மதுரைல அந்தக் கண்ணாடிக் கதவுல ஒரு சின்னச் சன்னல் இருக்கும். நர்சுப்புள்ள அதத் தெறந்து கஞ்சியை மட்டும் வாங்கிக்கும். ஒங்கள நான் பாக்க முடியாது. குடிச்சாரான்னு கேப்பேன். காலி டம்ளரக் காட்டும். அதுதான் எனக்கு நீங்க இருக்கீங்கங்கறதுக்கு அடையாளம்,” என்றாள்.

இதை அவள் என்னிடம் அதுவரை சொன்னதில்லை. நான் கதவின் உட்புறம் கிடந்தவன். கஞ்சி வந்தது தெரியும். அது எப்படி வந்தது என்பது தெரியாது.

“சன்னல்ல வந்து நிக்கிறவன வெடி போட்டா வெரட்டுறது?” என்று எழுந்தாள். “வேணாம்ங்க.”

“உனக்கு அச்சமாக இருக்குமே,” என்றேன்.

“இருக்கும்.”

கோயிலுக்குள் போனாள். நான் வாசலில் நின்றுகொண்டேன். அவள் அம்மனிடம் பேசுவது வெளியே கேட்டது. தெருவில் எதிர்ப்பட்ட உறவுக்காரியிடம் பேசும் அதே குரல். “ஆத்தா, நூத்தியொண்ணும் ஒனக்குத்தான். ஒண்ணு குறையாது. நீயும் அந்தப் பக்கந்தான உலாவுற, நீயே பாத்திருப்ப. அவ வெளிய வந்ததும் நான் வாரேன். அதுவரைக்கும் இவர ஒண்ணும் செஞ்சிராத. கோவம்னா என் மேல காட்டு.”

என் பாடல்கள் எல்லாம் சேர்ந்தும் இந்தச் சில வரிகளுக்கு அருகில் வரா என்று அங்கே நின்று உணர்ந்தேன். தெய்வத்தை உருகி அழைத்தவர்களை ஓதியிருக்கிறேன். தெய்வம் ஏற்கெனவே பார்த்திருக்கும் என்ற உறுதியோடு அதனிடம் தவணை கேட்டவளோடு நாற்பத்தாறு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவளை நான் சரியாகக் கேட்கவில்லை.

வெளியே வந்து வாட்சரிடம், “பொட்டை வெளிய வந்த அன்னைக்கே எனக்குப் போன் போடணும். மறந்த, தொலச்சுப்புடுவேன்,” என்றாள்.

“நான் மறந்தாலும் நீங்க மறக்க மாட்டீங்கக்கா,” என்று அவர் சிரித்தார்.

இறங்கும்போது அவள் கையை என் கைக்குள் வைத்திருந்தாள். கொண்டைஊசி வளைவுகளில் ஜீப்பு சாயும்போதெல்லாம் அந்தப் பிடி இறுகியது. பள்ளத்தாக்கில் போடி வெயிலில் கிடந்தது. “பயமாத்தான் இருக்கு,” என்றாள் ஒருமுறை. அவளுடைய கையை நான் விடவில்லை.

அன்றுமுதல் என் வாழ்க்கை ஒழுங்காகிவிட்டது. உப்பைக் குறைத்துவிட்டேன். குளியலறையில் கால்மிதியின்றி அடியெடுத்து வைப்பதில்லை. பஸ்சில் நின்றுகொண்டு பயணம் செய்வதில்லை. எனக்கு ஏதேனும் நேர்ந்தால், அந்தப் பறவைக்கு இரங்கியதால்தான் நேர்ந்தது என்று அவள் மிச்ச வாழ்நாள் முழுவதும் எண்ணுவாள். அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. விடியலில் பூசைக்கு அமரும்போது ஒரு மாறுதலும் நேர்ந்திருக்கிறது. பிறவாமை வேண்டும், திருவடி நிழல் வேண்டும் என்று ஐம்பது ஆண்டுகளாக இரந்து பழகிய நாக்கு இது. இப்போது, அந்தப் பொந்து திறக்கும்வரை சற்றுப் பொறுத்தருள வேண்டும் என்று முடிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆயினும் கேட்கிறேன்.

ஒவ்வொரு வெள்ளியும் அவளே வாட்சரை அழைப்பாள். முந்தாநாள் அவரே அழைத்தார். அவள் ஒலிபெருக்கியை அழுத்தி மேசைமேல் வைத்தாள்.

“அக்கா, தாய்க்காரி இன்னைக்குக் காலைல வெளிய வந்துட்டா! புது எறகு மொளச்சுப் பளபளன்னு இருக்கா.”

அவள் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினாள். “அப்ப நாளைக்கே கெளம்பி வாரேன்.”

“அதான் சொல்ல வந்தேன். குஞ்சு ஒண்ணு உள்ள இருக்கு. அது வாசலத் திரும்பப் பூசி அடச்சுக்கிச்சு. இனிமே தாயும் தகப்பனும் ரெண்டு பேருமா ஊட்டுவாங்க. அது பறக்க இன்னும் ஒரு மாசமாவது ஆகும்.”

அவள் நாற்காலியில் அமர்ந்தாள். விரல் மடக்கி மாதத்தை எண்ணினாள்.

“வைகாசின்னு வச்சுக்க,” என்று அவரிடம் சொல்லிப் போனை அணைத்தாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

“காலைல மாத்திர போட்டீங்களா?”

“போட்டேன்.”

“நாக்க நீட்டுங்க,” என்றாள். நீட்டினேன்.