கட்டிலோடு விற்றிருக்க வேண்டிய வீடு

வீட்டுத் தரகு என்பது, நமக்குச் சொந்தமில்லாத கதவை நம் வீட்டுக் கதவு மாதிரி திறந்துகாட்டுகிற வேலை. ஆசைப்பட்டு இதற்கு வந்தவன் இல்லை நான். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கப்பிள்ளையாக, உட்கார்ந்து ஆட்களின் பேர் பதிந்துகொண்டிருந்தவன். ஜப்பான்காரன் வந்தான், துரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், தேயிலை வாங்க ஆள் இல்லாமல் தொழிற்சாலை நின்றது. செடிகளுக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்றோம். மலையில் குளிரும் பசியும் தாங்காமல் கீழே இறங்கிப் போகிறவர்கள் வீட்டை விற்கத் தவித்தார்கள். எனக்கு நாலு பேரைத் தெரியும், மலாய் பேச வரும், வாயும் கொஞ்சம் நீளம். தரகனாகிவிட்டேன்.

வீடு விற்றவர்களே, வாங்கினவர்களே, வாங்கி ஏமாந்தவர்களே, இந்தத் தலைவலி உங்களுக்கும் தெரிந்திருக்கும்: சாமானோடு விற்பதா, காலி செய்து விற்பதா? ஜப்பான் காலம் முழுக்க என்னிடம் எல்லாரும் கேட்டது இதைத்தான். நானும் பெரிய மேதாவி மாதிரி பதில் சொன்னேன்.

ஜன்னல் துணி

முதலில் எனக்குக் கிடைத்தது தானா ராத்தாவில் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரியாலயப் பெரியவரின் வீடு. நாற்காலி, மேசை, கண்ணாடி அலமாரி, ஜன்னலுக்கு ரோஜாப்பூப் போட்ட திரை, எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் பார்க்க வந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாம் நாளும் வந்தார். ஒவ்வொரு தடவையும் கூரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை, நேராக ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். வெளிச்சம் பார்க்கிறார் போலிருக்கிறது, நல்ல ரசனைக்காரர் என்று நான் பெருமையாக நினைத்தேன்.

அப்போது ஊரில் துணி என்று கண்ணால் பார்க்க முடியாது. சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள், "சரி, கங்காணி, வீட்டை முடிச்சிடலாமா?" என்று கேட்டேன். மனுஷன் திரையை விரலால் தடவிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

"வீடு எனக்கெதுக்குங்க கிராணி? மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், இந்தத் துணிய மட்டும் தனியாக் குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

சோபா

பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தர், குடும்பத்தை ஈப்போவுக்கு அனுப்பிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டை விற்கச் சொன்னார். "சாமானோட விடுங்க பாய், வர்றவன் மயங்கிருவான்" என்றேன். நானே சோபாவைத் துடைத்தேன். மேசையில் விரிப்பைப் போட்டு, ஒரு கிண்ணத்தில் காட்டுப் பூவைக்கூட வைத்தேன். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன், போகிறவர் வருகிறவர் கண்ணில் படட்டும் என்று.

பட்டது. ஒரு ஜப்பான் அதிகாரி சாலையில் போனவன் நின்று பார்த்தான். பூட்ஸோடு உள்ளே வந்தான். சோபாவில் உட்கார்ந்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான், தலையாட்டினான். மறுநாள் பெட்டியோடு குடிவந்துவிட்டான். விலையாவது, பத்திரமாவது! ராவுத்தர் கடை வாசலில் நின்று தன் வீட்டையே வேற்று ஆள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலியாக் கெடந்திருந்தா எந்த நாயும் எட்டிப் பாத்திருக்காதுலா, கிராணி. நீ எதுக்குய்யா பூ வச்சே?"

வெள்ளை

அன்றைக்குப் பிடித்தேன் சட்டத்தை: காலி செய், கதவைத் திற, விற்றுவிடு. சாமானைத் தனியாகக் கொடுத்தால் அரிசியாகவோ உப்பாகவோ கையில் வரும். வீட்டைக் காலியாக வைத்தால் அதிகாரி எவனும் ஆசைப்பட மாட்டான். சுண்ணாம்பு கிடைத்தால் பலகைச் சுவருக்கு ஒரு பூச்சுப் பூசிவிடுவேன். புகை படிந்த அறைகூடப் பெரிதாகத் தெரியும். அந்த வேலையில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

ரிங்லெட்டில் இப்படி வெள்ளை அடித்து நிறுத்தியிருந்த ஒரு வீட்டைப் பார்க்க மளிகைக்கடைக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நமக்குத் தெரிந்ததுதானே: ஒருவர் செத்தால் படுத்த பாய், தலையணை, கட்டில் எல்லாம் வெளியே போய்விடும். காரியம் முடிந்ததும் வீட்டுக்கு வெள்ளை அடிப்போம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். யாரும் சாகவில்லை, இதெல்லாம் தொழில் நுணுக்கம் என்று விளக்கினேன். கடைக்காரர் வாங்கிவிட்டார். அந்த அம்மாள் கேட்டதை அப்போதே நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

"காலியாக் கெடக்கு, வெள்ளையும் அடிச்சிருக்கு. இந்த வீட்டுல யாருங்க செத்தது?"

கட்டில்

கம்போங் ராஜாவில் அஞ்சலை என்ற பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு பலகை வீடு இருந்தது. அவள் புருஷன் முனியாண்டி எங்கள் தோட்டத்து லோரி டிரைவர். லயத்து வரிசை வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தன் கையாலேயே கட்டிய வீடு அது. உடைந்த லோரியின் பக்கப் பலகையை அறுத்து ஒரு கட்டிலும் செய்திருந்தான். அதில் லோரியின் நீலச் சாயம் அப்படியே இருக்கும். ஜப்பான்காரன் அவனைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான். போய் இரண்டு வருஷம், ஒரு சேதி இல்லை. அஞ்சலைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. மகளை வைத்துக்கொண்டு மலையில் இருக்க முடியாமல், பீடோரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று என்னிடம் வந்தாள்.

"சாமானோட வித்துக் குடுங்கய்யா. எதையும் அசைக்கக் கூடாது" என்றாள். வாங்க வந்த சீனத் தோட்டக்காரர் கோலா தெர்லாவில் காய்கறி போடுகிறவர், தங்கமான மனுஷன். எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று அவரே ஒப்புக்கொண்டார். நான்தான் நடுவில் புகுந்தேன். ராவுத்தர் கதையைச் சொல்லிப் பயமுறுத்தினேன். கட்டிலைத் தனியாக விற்றால் வழிக்கு அரிசி ஆகும் என்றேன். அதற்கு அவள் சொன்னது இதுதான்.

"அவரு வந்து எட்டிப் பாக்கையிலே கட்டில் அந்த எடத்துல இருக்கணுமேய்யா."

சொல்லிவைக்கிறேன்

"அட, இதுக்கா கவலைப்படுறே? நீ பீடோர்ல இருக்கேன்னு வீடு வாங்குறவங்ககிட்டச் சொல்லிவைக்கிறேன். முனியாண்டி வந்தா அவங்க சொல்லிருவாங்க" என்றேன். அவள் அரைமனதாகத் தலையசைத்தாள். கட்டிலை ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தேன், ஒரு மூட்டை அரிசி வந்தது. தேயிலைப் பெட்டியில் செய்த அலமாரியும் போயிற்று. சுண்ணாம்பு கரைத்து நானே நின்று இரண்டு பூச்சு அடிக்க வைத்தேன்.

சொல்லிவைத்தேனா? இல்லை, ஐயா. அன்றைக்குக் கட்டில் கனம், மழை, ரிங்லெட்டில் இன்னொரு வீடு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன், மறந்தே போனேன். மரவள்ளி ஏற்றிப் போன லோரியில் மகளோடு ஏறிக்கொண்ட அஞ்சலை என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"நீங்க படிச்சவங்க கிராணியய்யா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குளியல்

ஜப்பான்காரன் சரணடைந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். கம்போங் ராஜா பக்கம் போனபோது அந்தச் சீனத் தோட்டக்காரரின் மனைவி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினாள். அதற்கு முந்தின வாரம் ஒரு தமிழாள் வந்தானாம். எலும்பும் தோலுமாக, காலில் புண்ணோடு. வீட்டுக்காரர் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம். திறந்திருந்த கதவு வழியாக அவன் உள்ளே பார்த்திருக்கிறான். கட்டில் இருந்த மூலையில் இப்போது முட்டைக்கோஸ் கூடை. அதற்குப் பின்னால் வெள்ளைச் சுவர். யாரைத் தேடுகிறாய் என்று மலாயில் கேட்டிருக்கிறாள், அவன் வாயைத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் தமிழாள் யாரும் மிச்சமில்லை. சயாமில் கொத்துக் கொத்தாகச் சாவைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

அவள் அடுத்து மலாயில் ஒன்று சொன்னாள். அந்தச் சீனம்மாவுக்கு அது வேடிக்கை. கிறுக்கன் என்று நினைத்துவிட்டாள். சாவுச் சேதி கேட்டால் நாம் என்ன செய்வோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த ஆளுக்குப் பைத்தியம்லா. இந்தக் குளிர்ல, மூங்கில் கொழா தண்ணியில, சட்டையோட தலைக்கு ஊத்திக் குளிச்சான். அழுதுக்கிட்டே போயிட்டான்."

பீடோர்

மலைக்குக் கீழே தாப்பா வரைக்கும் ஓடினேன். ஸ்டேஷனில் விசாரித்தேன். காலில் கட்டுப்போட்ட ஒருவன் வடக்கே போகிற ரயிலில் ஏறினான் என்று ஒருவர் சொன்னார், தெற்கே என்றார் இன்னொருவர். கடைசியில் எங்கே போவேன்? பீடோருக்குத்தான் போனேன். அஞ்சலை மரவள்ளித் தோட்டத்தில் களை கொத்திக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், சொல்லிவைக்க மறந்ததையும் சொன்னேன். செருப்பால் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருக்காரா? நெசமா? உசுரோட இருக்காரா?" என்று அழுதாள், சிரித்தாள், மகளைக் கூப்பிட்டாள். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "நான் இருக்கையிலேயே எனக்குக் குளிச்சிட்டுப் போயிட்டாரா!" என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஏதாவது செய்யவேண்டும், என்ன வேண்டுமானாலும் கேள் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தக் கட்டில வாங்கிட்டுப் போயி இருந்த எடத்துலயே போடுங்கய்யா. இன்னொரு தடவ வந்து பாத்தாலும் பாப்பாரு."

மூலை

டிரெஸ்ஸரிடம் கெஞ்சிக் கட்டிலைத் திரும்ப வாங்கினேன். சீனத் தோட்டக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு முட்டைக்கோஸ் கூடைகளை வெளியே எடுத்து வைத்தார். நீலச் சாயம் தெரிகிற பக்கத்தைக் கதவுக்கு நேராகத் திருப்பிப் போட்டோம். அஞ்சலை இருக்கும் இடத்தை அவர் மனைவிக்குப் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தேன், தமிழில் சொல்லவும் பழக்கினேன். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், கேட்பதற்கு முன்னாலேயே அவளே கையை விரித்து, கற்ற தமிழில் சொல்லிவிடுவாள்.

"இன்னும் வர்லே, கிராணி. கட்டில் இருக்கு."

சாமானோடு விற்பதா, காலி செய்து விற்பதா என்று இப்போது யாராவது கேட்டால், அந்த வீட்டுக்குத் திரும்பி வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்தாயிற்றா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்; இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒருவன் எத்தனை வீடு விற்றிருப்பான் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.