இருப்பதிலேயே பெரிய அளவு

ஒரே விலைக்குச் சின்னதை வாங்குகிறவன் எங்கள் வம்சத்தில் பிறந்ததில்லை. பள்ளிக்கூடத்துக் கால்சட்டை முதல் கல்யாணத்துச் செருப்பு வரை எனக்கு எல்லாமே ஓர் அளவு பெரிதாகத்தான் எடுத்தார்கள். வளர்கிற பையன் என்றார்கள். அந்த நம்பிக்கையை நான் காப்பாற்றவில்லை. பழக்கம் மட்டும் ஊறிவிட்டது. ரோடு பைக் என்கிற பந்தயச் சைக்கிள் ஒன்றை நானே கோர்க்க ஆசைப்பட்டு, சீனாவிலிருந்து கார்பன் ஃபிரேம் வரவழைக்க இணையத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஐந்து அளவுகள் இருந்தன. ஐந்துக்கும் ஒரே விலை. இருப்பதிலேயே பெரியதை அமுக்கிவிட்டு, லாபம் பார்த்த திருப்தியில் நன்றாகத் தூங்கினேன்.

கொல்லிமலையில் தோட்டக்கலை அலுவலகத்தில் எனக்கு வேலை. மனைவி மலைமேலேயே செம்மேட்டில் நர்ஸ். பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்வருகிறவள். இரண்டு பேருமே கீழே ராசிபுரம் பக்கம். மலையில் பொழுது சாய்ந்தபின் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. சிலர் சீட்டாடுகிறார்கள். எனக்கு சைக்கிள் வீடியோ பார்க்கும் கோளாறு பிடித்தது. அடிவாரத்திலிருந்து எழுபது வளைவுகளையும் காலைத் தரையில் ஊன்றாமல் ஏறிவிட வேண்டும், அதுவும் என் கையால் கோர்த்த வண்டியில். ஆசை அவ்வளவுதான்.

ஃபிரேம் பெட்டி மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டி வரைதான் வந்தது. அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றினேன்.

"என்னங்க சார், டிவியா?" என்றார் கண்டக்டர்.

"சைக்கிளுங்க."

"சக்கரம் எங்கீங்க?"

"அது வேற பொட்டில வருது."

"செயினு?"

"அது இன்னொரு பொட்டி."

யாரோ என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துத் துக்கம் விசாரிப்பவர் முகத்தோடு கொடுத்தார்.

வீட்டுக்காரர் பக்கத்திலேயே குடியிருக்கிறார். மிளகும் மரவள்ளியும் போடுகிற மலைக்காரர். பெட்டியைப் பிரித்ததும் ஃபிரேமை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். நம்பாமல், மிளகு நிறுக்கிற கொக்கித் தராசைக் கொண்டுவந்து மாட்டியும் பார்த்தார்.

"ஒரு பலாப்பழத்துக்கு வராதுங்க சார். உள்ள ஒண்ணுமே வெக்காம அனுப்பிப்புட்டானுங்களே!"

"கார்பனுங்க. உள்ள ஒண்ணும் இருக்காது."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குங்க அத்தனை தூரம் போவணும்?"

நியாயமான கேள்வி. நான் டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

சக்கரம், கியர், பிரேக் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. சாப்பாட்டு மேசை பட்டறையானது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கார்பனில் ஒரு வம்பு உண்டு. திருகாணியை அளவுக்கு மேல் முடுக்கினால் விரிசல் விட்டுவிடும். அதற்கென்றே, போதும் என்னும்போது 'டிக்' என்று சொல்லும் ஸ்பேனர் ஒன்று வாங்கியிருந்தேன். வீட்டுக்காரருக்கு அந்த 'டிக்' மேல் மரியாதை இல்லை. "இன்னும் ஒரு சுத்துக் குடுங்க சார், லூசா இருக்குது" என்று ஒருநாள் கையை நீட்டினார். "கைய எடுங்க!" என்று அலறிவிட்டேன். மனுஷன் பயந்துபோய் இறங்கிப் போனார். மறுநாள் கால்படி மிளகோடு வந்து, "உடம்பு எப்படிங்க இருக்குது?" என்று விசாரித்தார்.

கியர் ஒயரை ஃபிரேமின் குழாய்க்குள்ளேயே ஓட்டி, பின்பக்க ஓட்டை வழியாக வெளியே எடுக்க வேண்டும். அங்கேதான் என் வண்டவாளம் தெரிந்தது. நுழைத்தால் நடுவில் எங்கேயோ சுருண்டுகொள்கிறது. இழுத்தால் போன வழியே திரும்பி வருகிறது. குழாயைப் பார்த்து அசிங்கமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து பார்த்தாள். தாலிக்கொடியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினாள்.

"பாவாடைக்கு நாடா கோக்கறதுதானுங்களே இது?"

ஊக்கில் நூலைக் கட்டிக் குழாய்க்குள் போட்டாள். செத்துப்போன ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தை வெளியே வைத்து மெல்ல நகர்த்தினாள். காந்தம் கார்பனைச் சீண்டாது, ஊக்கை விடாது. அது உள்ளேயே ஊர்ந்துபோய்ப் பின்பக்க ஓட்டையில் தலை நீட்டியது. நூலோடு ஒயரைக் கட்டி இழுத்தோம், வந்துவிட்டது. "பரவால்லயே" என்றேன். என் வாயிலிருந்து அதுவே பெரிய வார்த்தை என்று அவளுக்குத் தெரியும்.

வண்டி முடிந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, இரண்டு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து நின்றார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டேன். கால் போகவில்லை. குதிகாலை உயர்த்தி எப்படியோ போட்டுவிட்டேன். அப்புறம் குதிகாலைக் கீழே இறக்கினேன். ஃபிரேமின் மேல்குழாய் என்னை எங்கே தாங்கியது என்பதை இங்கே எழுத முடியாது.

"சீட்டை எறக்குங்க சார்."

"எறக்கியாச்சுங்க."

"இன்னுங் கொஞ்சம்?"

"அதுக்குக் கீழ போவாதுங்க."

"அப்பச் சக்கரத்தைச் சின்னதாப் போட்டுப் பாருங்க."

பழம் வைத்தாகிவிட்டதே, விட முடியுமா? கூடவே நடந்து வண்டியைத் தள்ளிப் பழத்தை நசுக்கினேன். எல்லோரும் சாமி கும்பிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது.

திருப்பி அனுப்ப வழியில்லை. விற்பனைக்கு என்று செல்போனில் படம் போட்டேன். சேலத்துக்காரர் ஒருவர், நல்ல உயரமாம், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

என் மனைவியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் என்னைவிட அரைச் சாணுக்கும் மேலே உயரம். கல்யாணப் படங்களில் பாதிக்குமேல் அவள் நாற்காலியில்தான் இருப்பாள். மணவறையில் யாராவது ஓர் அத்தை, "கொஞ்சம் குனிஞ்சுக்க கண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மலைக்கு வந்தபின் அவளுக்குச் சௌகரியமாகிவிட்டது. இங்கே எல்லாமே சரிவு. என்னோடு எங்கே நின்றாலும் தானாகப் பள்ளத்துப் பக்கம் போய்விடுவாள். நான் போகச் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, சேலத்துக்காரர் வருவதற்கு முன்னால், சுடிதாரில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, போறதுக்கு முந்தி ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது என்று அன்றைக்கே விட்டவள். சீட்டை ஏற்றிக் கொடுத்தேன். காலைச் சாதாரணமாகத் தூக்கிப் போட்டாள். ரோட்டில் ஒருமுறை ஆடினாள், அப்புறம் ஆடவில்லை. வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்து முதுகை நீட்டிப் போனவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொறாமை. பொய் எதற்கு? முதலில் பொறாமைதான். திரும்பி வந்து இறங்கியவள் வண்டியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊட்டு வாசக்காலு இடிக்குது, பஸ்ஸு சீட்டு இடிக்குது. எனக்கு அளவா ஒரு சாமான் இப்பத்தானுங்க பாக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு, சேலத்துக்காரருக்காகச் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

நான் அவருக்குப் போன் போட்டேன். "வித்துப்போச்சுங்க" என்றேன்.

"யாருக்குங்க?"

"ஊட்டுலயேதான்."

அவர் திட்டினார். திட்டட்டும். அவள் துடைப்பதை நிறுத்தவில்லை, ஆனால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

சில மாதம் பழகியபின் அடிவாரத்திலிருந்து ஏறினோம். அவள் சைக்கிளில், நான் தண்ணீரும் வாழைப்பழமுமாகப் பின்னால் மொபெட்டில். வாழைப்பழத்தைப் பாதி வழியில் குரங்கு எடுத்துக்கொண்டது. ஒரு வளைவில் பஸ் எங்களைத் தாண்டியது. அதே கண்டக்டர் தலையை நீட்டி, "சைக்கிளு என்னாச்சுங்க சார்?" என்றார். முன்னால் கை காட்டினேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

காலை ஊன்றாமல் அவளே ஏறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ரோட்டோரம் கைக்குழந்தையோடு ஒரு பெண் கீழே போகும் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். என் மனைவி பிரேக் போட்டுக் காலை ஊன்றி, "ரெண்டாவது ஊசிக்கு ஏஞ்சாமி வரல?" என்று மூச்சு வாங்க அதட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மலை உச்சியில், சோளக்காடு சந்தைக்கு வீட்டுக்காரர் மிளகு விற்க வந்திருந்தார். ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். மனைவி வேர்த்துக் கொட்டிக்கொண்டு, வண்டியைத் தள்ளியபடி வழக்கம்போல ரோட்டுச் சரிவின் பள்ளத்துப் பக்கம் இறங்கினாள்.

"ஏம்புள்ள, நீ மேட்டுலயே நில்லு" என்றேன். நான் பள்ளத்தில் இறங்கிக்கொண்டேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து நின்றாள்.

"சார், நீங்க சரியாத் தெரியலீங்களே" என்றார் வீட்டுக்காரர்.

"அவ தெரியறாளா?"

"அவங்க முழுசாத் தெரியறாங்க."

"அப்ப எடுங்க" என்றேன்.