ஐந்து கம்ப்யூட்டரும் ஒரே லைனும்

காதுமடலில் ஹெட்போன் அழுத்திய சூடு ஆறுவதற்குள் நான் பெரம்பலூரைத் தாண்டி, உச்சி வெயிலில், திருச்சி ரோட்டு லாரிப் புழுதிக்குள் நடந்துகொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்று, குன்னத்து வீட்டிலும் தங்காமல் திரிந்த எனக்கு, அன்று காலைவரை பெரம்பலூரில் செல்வம் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் ஒரு வேலை கிடைக்கும்போல இருந்தது. திருச்சிப் பையன்களோடு இன்டர்நெட்டில் ஆடும் துப்பாக்கி ஆட்டத்தில் ஜெயித்தால், "நாளையிலேர்ந்து சென்டரு ஒம் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார்.

அந்த ஆட்டத்தில் "ரேட்" என்று ஓர் எண் உண்டு. நொடிக்கு நமக்கு எவ்வளவு தகவல் அனுப்பலாம் என்று, சென்னையிலிருந்து ஆட்டத்தை நடத்தும் சர்வருக்கு நாம் சொல்லும் அளவு அது. லைன் தாங்குவதைவிடக் கூட்டி வைத்தால், வருவது வழியிலேயே தேங்கிவிடும்; "பிங்" ஏறும், அதாவது நாம் சுட்டது சர்வருக்குப் போய்ப் பதில் திரும்ப நேரமாகும், அதற்குள் நாம் செத்திருப்போம். எங்கள் சென்டரில் ஐந்து கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே லைன். அண்ணனோ ஐந்திலும் ரேட்டை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்.

"கொறைச்சுப் பாக்கலாம்ண்ணே," என்றேன்.

"முழு லைனுக்குக் காசு கட்டிப்புட்டு நான் ஏண்டா கொறையா வாங்கணும்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த லப்பைக்குடிக்காட்டு ரபீக் சிரித்தான். "இவன் வயக்காட்டு ஆளுண்ணே, இன்டர்நெட்டையும் மொறை வச்சுத்தான் பாய்ச்சுவான்."

அவன் சொன்னது சரிதான். எங்கள் கூட்டுக் கிணற்றில் பங்காளிகள் முறைவைத்துத்தான் வெங்காயத்துக்குத் தண்ணீர் விடுவார்கள்; எல்லோரும் ஒன்றாக மடையைத் திறந்தால் ஒருவர் வயலும் நனையாது. இதைச் சொல்லியும் எவனும் கேட்கவில்லை. என் கம்ப்யூட்டரில் மட்டும் ரேட்டைக் குறைத்தேன். ஆட்டம் சூடானதும் ஐந்து திரையிலும் பிங் ஏறியது, என்னுடையதும் சேர்த்து. மற்ற நாலும் அடைத்துக்கொண்ட லைனில் நான் ஒருவன் குறைத்து என்ன ஆகும்? கதவோரம் நின்ற எதிரியைக் குறிபார்த்துச் சுட்டேன். அவன் எப்போதோ அங்கிருந்து போயிருந்தான். கடைசி ஆளாக நானும் விழுந்தேன்.

"இவன் கொறைச்சான்ல, அதான் தோத்தோம்," என்றார் அண்ணன். "வேலையும் கெடையாது ஒண்ணும் கெடையாது, போடா." ரபீக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று சென்டர் இருந்த இடத்தில் செல்போன் கடை. போனில் ஆடும் பையன்களுக்கு ரேட் என்று ஒன்று இருந்ததே தெரியாது. பிங் ஏறினால் டவரைத் திட்டுகிறார்கள். எனக்கு இன்னமும் அண்ணன் மேல்தான் எரிச்சல்.

அன்று பொழுது சாயப் பாடாலூர் சேர்ந்து, டீக்கடை பெஞ்சில் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை டீ குடிக்க வந்த விவசாயி ஒருவர், ஆள் வேண்டும் என்று தன் வெங்காயக் காட்டுக்குக் கூட்டிப்போய் மண்வெட்டியைக் கொடுத்தார்.

"தண்ணி கட்டத் தெரியுமாடா? ஒரு பாத்தி நெறஞ்சப்பறம் அடுத்த மடைய வெட்டு. எல்லாத்தையும் ஒண்ணாத் தொறந்து வுட்டுடாத."

"தெரியுங்க," என்று வாய்க்காலில் இறங்கினேன்.