தந்தை பெயர்

என் மகள் படித்த நான்காம் ஆண்டு வகுப்பில் அவள் பெயரிலேயே இன்னொரு பெண் இருந்தாள். எங்கள் ஊரில் இது பெரிய விஷயமில்லை. பெயருக்குப் பின்னால் த/பெ என்று போட்டுத் தந்தை பெயரை எழுதிவிட்டால் யார் பிள்ளை என்று தெரிந்துவிடும். ஆனால் வாய்ப்பேச்சில் யார் அப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள்? வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பெண்ணைக் ‘கண்ணாடி’ என்று கூப்பிட்டார்கள், மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால். என் மகளுக்கு வெறும் பெயர்தான். கண்ணாடி எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வருவாள். என் மகள் எங்கே வந்தாள் என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இரண்டாம் ஆண்டு முடியும்வரை அவளுக்கு எழுத்துகள் பிடிபடவில்லை. ‘ண’ எழுதினால் ஒரு சுழி கூடும், இல்லாவிட்டால் குறையும். வாசிப்பு நேரம் வந்தால் வயிற்றுவலி வந்துவிடும். கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கும் என் அக்கா, எங்கள் குடும்பத்தில் யாரும் நியமிக்காத கல்வி அமைச்சர், போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பல்லவி பாடுவார்.

“தமிழ்ப்பள்ளியில போட்டுப் பிள்ளைய வீணாக்குற தம்பி. மலாய்ல படிக்கிற கெபாங்சான் ஸ்கூலுக்கு மாத்துலா.”

நான் மாற்றவில்லை. தைரியத்தால் இல்லை, வீம்பால். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில் நானும் மனைவியும் மாறி மாறி அவளோடு உட்கார்ந்தோம். முதலில் உதட்டை மட்டும் அசைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்ப்பாள், அப்புறம்தான் சத்தம் வரும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் என் தேத்தண்ணி ஆறிப்போகும். அவசரப்படுத்தினால் புத்தகத்தை மூடிவிடுவாள். கை முஷ்டியை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக இருக்க நான் படித்துக்கொண்டது அப்போதுதான்.

நான்காம் ஆண்டில் அவளுடைய வகுப்பாசிரியை ஒரு வேலை கொடுத்தார். ஓய்வு நேரத்தில் கென்டீனில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை உட்கார வைத்து அவர்களுக்குக் கதை வாசிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இவள் வேகம் சரியாக இருந்தது. இவள் திணறினால் அவர்கள் அந்த நேரத்தில் படத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றுவலி நின்றது. ‘அக்கா, இன்னிக்கு கதை உண்டா?’ என்று அதுகள் வகுப்பு வாசலில் வந்து நிற்கும் என்று பெருமையாகச் சொல்வாள்.

பரிசளிப்பு விழாவுக்கு முந்தைய வாரம் ஆசிரியை பரிசு பெறுகிறவர்களின் பெயர்களைப் பெற்றோர் குழுவில் குரல் செய்தியாகப் போட்டார். பின்னணியில் பிள்ளைகள் நடன ஒத்திகைக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். “நான்காம் ஆண்டு, கணிதம்” என்று சொல்லி அந்தப் பெயரைச் சொன்னார். “வாசிப்பு” என்று சொல்லி மறுபடி அதே பெயரைச் சொன்னார். அப்பன் பெயர் கிடையாது. அடுத்தது அறிவியலுக்குப் போய்விட்டார்.

கணிதம் கண்ணாடிக்குத்தான், அதில் சந்தேகமில்லை. வாசிப்பு? என் மகள் அந்தச் செய்தியை ஒரு தடவைதான் கேட்டாள். “அப்பா, எனக்கு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பாடினாள். அவள் பாடி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தச் செய்தியை நாங்கள் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டோம். இரண்டாவது தடவை பெயர் சொல்லும்போது ஆசிரியையின் குரலில் ஒரு சிரிப்பு இருப்பதாக மனைவிக்குப் பட்டது. எனக்கு அது இருமல் மாதிரி கேட்டது. நாங்கள் இப்படி ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே கண்ணாடியின் அம்மா குழுவில் எழுதிவிட்டார்: ‘ரெண்டுக்கும் நன்றி டீச்சர்.’ பின்னாலேயே பூங்கொத்துகளும் வாழ்த்துகளும் வந்து குவிந்தன. அந்தப் பெண்மணி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனாலும் அந்த ‘ரெண்டுக்கும்’ என்ற சொல்லைப் பார்த்து எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, போனைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போடலாம் போலிருந்தது.

“டீச்சர்கிட்ட நேரா கேட்டுருங்க” என்றாள் மனைவி.

கேட்டுவிடலாம்தான். இல்லை என்று சொல்லிவிட்டால் குளியலறையில் பாடுகிறவளிடம் போய் யார் சொல்வது?

பரிசு வாங்கும் ஒத்திகையாவது வழி காட்டும் என்று நம்பினேன். அங்கே இரண்டு பேரும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். கூட்டத்தில் ஒரு பிள்ளை கூடுதலாக நின்றால் யார் கவனிக்கிறார்கள்? அதற்குள் இவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ரொட்டிக்கடை வைத்திருக்கும் மாமா காலையில் என்னைப் பார்த்ததும், “பசியாறியாச்சா தம்பி? மவளுக்கு கப்பாமே! அன்னிக்கு அவளுக்கு முட்டை போட்ட ரொட்டி தெலூர் நம்ம கணக்கு” என்றார். நான் பாதி ரொட்டி சானாயைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். போதாததற்கு அக்காவுக்கும் போன் போட்டிருக்கிறாள். அக்கா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி பிடித்து வரப்போவதாகச் சொன்னார். “நேர்ல பாத்தாத்தான் நம்புவேன்” என்று வேறு.

விழாவுக்கு முதல் நாள் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் வேலை. அப்பாக்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்திலிருந்து நாற்காலிகளைத் தூக்கி வந்து அடுக்கினோம், அம்மாக்கள் மேடையில் துணி கட்டினார்கள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனது நாற்காலிக்காக இல்லை. ஆசிரியை மேடையருகே தனியாக நின்ற நேரம் பார்த்துக் கிட்டே போனேன். “டீச்சர்” என்றேன். “சொல்லுங்க” என்றார். வேர்த்துக் களைத்திருந்த அந்த முகத்தைப் பார்த்தேன்.

“நாற்காலி இன்னும் வேணுமா டீச்சர்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

மனைவி அன்று என்னோடு பேசவில்லை. அவள் ஏன் கேட்கவில்லை என்று நானும் கேட்கவில்லை. கோழைத்தனத்தில் எங்களுக்குள் நல்ல பொருத்தம்.

விழா நாளில் சிறப்பு விருந்தினர் வழக்கம்போல் தாமதமாக வந்தார். மண்டபத்தில் காற்றாடிகள் சுற்றியும் புழுக்கம் தாங்கவில்லை. நேரத்தை மிச்சம் பிடிக்க, பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெயரை மட்டும் வாசித்தால் போதும், தந்தை பெயர் வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அறிவிப்பாளர் அதை மைக்கிலேயே சொல்லி மன்னிப்பும் கேட்டார். நான் நம்பியிருந்ததே அந்த ஒன்றைத்தான். என் பெயர் வந்தால் அவள் ஏறுவாள், வராவிட்டால் உட்கார்ந்துகொள்வாள், நாலு பேர் பார்க்க அவமானம் இல்லை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, “எப்ப வரும்? எப்ப வரும்?” என்று அரித்துக்கொண்டிருந்தார்.

கணிதத்துக்குக் கண்ணாடி போய் வாங்கிக்கொண்டு இறங்கினாள். “நான்காம் ஆண்டு, வாசிப்பு” என்று சொல்லி மறுபடி அதே பெயர்.

இரண்டு பேரும் எழுந்தார்கள். என் மகள் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள். மற்றவள் தயங்கி நின்ற இடைவெளியில் இவள் மேடைக்கு ஏறிவிட்டாள். விருந்தினர் கோப்பையையும் சான்றிதழையும் கையில் கொடுத்தார். கைதட்டல். படம் எடுத்தார்கள். அக்கா என் தோளில் ஒரு அடி வைத்து, “பாருடா!” என்றார். ஒரு வாரமாக என் மார்மேல் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. நான் சிரித்துக்கூட விட்டேன்.

அவள் இறங்கவில்லை. சான்றிதழைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அறிவிப்பாளர் அடுத்த பெயருக்குத் தொண்டையைக் கனைத்தார். நான் அவள் உதட்டைப் பார்த்தேன். அசைந்தது. சமையலறை மேசையில் தினமும் பார்த்த அதே அசைவு. எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறாள். சான்றிதழில் த/பெ போட்டிருக்கும். என் பெயர் மூன்றே எழுத்து, அதைக் கூட்ட இவ்வளவு நேரம் ஆகாது. எனக்குப் புரிந்துவிட்டது. ‘வாசிக்காதே, இறங்கி வந்துவிடு’ என்று மனதுக்குள் கெஞ்சினேன். பெற்ற பிள்ளை வாசிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவள் கடைசி எழுத்துவரை போனாள். பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பினாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“டீச்சர், இது என் அப்பா இல்ல.”

மண்டபமே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையையும் சான்றிதழையும் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். வழியில் நின்ற கண்ணாடியிடம், “ஒன்னோடது, போ” என்றாள். வகுப்பாசிரியை மேடை ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மனைவி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு ஆசிரியைமேல், விருந்தினர்மேல், ஒரே பெயரை வைத்த அந்த முகம் தெரியாத அப்பன்மேல் எல்லாம் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது?

அவள் பிள்ளைகள் வரிசைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. நான் அவளை இழுத்து மடியில் உட்கார வைத்தேன். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு அந்த மடி கொஞ்சம் சின்னதுதான், இருந்தாலும் உட்கார்ந்தாள். அக்கா விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வீசிக்கொண்டிருந்தார்.

மேடையில் மற்றவளுக்குக் கைதட்டினார்கள். இவளும் தட்டினாள். பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்.

“அவ அப்பா பேரு ரொம்ப நீளம்ப்பா. நடுவுல ரெண்டு ‘ண’ வேற. ஒன்னும் விடாம வாசிச்சிட்டேன்.”