ரோமானிய வளைவும் என் வேலையும்

எண்பதுகளின் கடைசியில் ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் சரித்திர வாத்தியாராகச் சேர்ந்தேன். முதலில் தகுதிகாண் பருவம். கல்வி அதிகாரி என் வகுப்பைப் பார்த்து நல்லதாக நாலு வரி எழுதினால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் கொரட்டூரில் அண்ணன் வீட்டுச் சோறு.

ஒன்பதாம் வகுப்புக்கு ரோமானியர் பாடம். மேல்நாட்டுச் சட்டம், சாலை, மாதப் பெயர், கடிகாரத்து எண் எல்லாம் அவர்கள் போட்ட பிச்சை என்று ஒரு வாரம் முழங்கினேன். ரோமையே நான் கட்டியது போல ஒரு தோரணை. அதிகாரி வரும் நாளில் அவர்கள் கட்டிய மாதிரியே கல் வளைவு ஒன்றைக் கட்டியே காட்டுவதாக அறிவித்தும் விட்டேன். வீட்டில் சோப்புக் கட்டிகளை வைத்து ஒத்திகை பார்த்தேன், சரிந்தது. சோப்பு வழுக்கும், செங்கல் வழுக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டு, மேசைமேல் அரைச் செங்கற்களை இரண்டு பக்கமும் சாய்த்து அடுக்கினேன்.

"இரண்டாயிரம் வருஷம் நிற்கிற நுட்பம்!"

இரண்டு விநாடி நின்றது. ஒரு கல் என் கால் கட்டைவிரலில் விழுந்தது. வகுப்பே சிரித்தது. முதல் வரிசைப் பெண் மட்டும் சிரிக்காமல் எழுந்தாள். அவள் அம்மா திருமுல்லைவாயிலில் வீடு கட்டும் இடங்களில் சித்தாள். லீவு நாளில் இவளும் கூடப் போவாள்.

"அடில முட்டு குடுக்காம எப்டி சார் நிக்கும்?"

பதிலுக்குக் காத்திராமல் நாலு புத்தகப் பைகளை மேசையில் குவித்து, அதன்மேல் கற்களை வளைத்து வைத்தாள். இரண்டு ஓரத்திலும் கல் அடுக்கி அணை கொடுத்தாள். வாசலில் கிடந்த ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கிவந்து சந்துகளில் செருகினாள். நடுக்கல்லை இறுக்கிவிட்டுப் பைகளை மெல்ல உருவினாள். வளைவு நின்றது. நானும் நின்றேன், ஒற்றைக் காலில்.

'மாணவர்களையே செய்யவைக்கும் அருமையான முறை' என்று அதிகாரி எழுதினார். அப்படித்தான் திட்டமிட்டவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். வேலை நிலைத்தது.

அரையாண்டுத் தேர்வில் ஒரு மார்க் கேள்வி: வளைவு கட்டும் கலையை ஐரோப்பாவுக்குத் தந்தவர் யார்? அவள் 'கொத்தனாரும் சித்தாளும்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன்.

விடைத்தாளோடு என் மேசைக்கு வந்தாள்.

"அன்னிக்கு நீங்களே பாத்துகினு தானே சார் இருந்தீங்க?"

இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று நான் நிரந்தர ஆசிரியர்.

"புத்தகத்துல அப்படி இல்ல. போய் உட்காரு" என்றேன்.